கிட்டோலைட்: ஆறு வருடங்களும் ஒரு டாலர் குறியும்

ராணிப்பேட்டையில் 6 பேரை வைத்து மென்பொருள் தொழில் நடத்தும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "எங்கள் கிட் சர்வரில் கிட்டோலைட் போடலாமா அண்ணா?" கிட் என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கருவி; அந்தச் சர்வரில் யார் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் மென்பொருள் கிட்டோலைட். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். எனக்குக் கோபம் ஆறாத நேரம் அது. அவருக்கு முழு விவரமும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் 11 பேர். தோல் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். ஒரே நிரலைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரித்து வேலை செய்வோம்; அந்தப் பாதைக்குக் கிளை என்று பெயர். யாருக்கு எந்தக் கிளையில் அனுமதி என்று பார்ப்பது 6 வருடங்களாக என் வேலை.

கிட்டோலைட்டில் அனுமதிப் பட்டியலே ஒரு கிட் களஞ்சியம்தான், அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்திருக்கும் இடம். கோப்பைத் திருத்தி, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), புஷ் செய்தால் (சர்வருக்கு அனுப்பினால்) உடனே நடைமுறைக்கு வந்துவிடும். எந்தக் கிளையை யாருக்கு, யார், எப்போது திறந்துவிட்டார் என்பதும் அதிலேயே பதிந்திருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, ஆளுக்கொரு தனி இடம். பெயர் வரவேண்டிய இடத்தில் 'யூசர்' என்று போட்டு ஒரே ஒரு விதி எழுதியிருக்கிறேன். புதிதாகச் சேர்பவரின் சாவியை (சர்வர் அவரை அடையாளம் காண உதவும் கோப்பை) சேர்த்ததும் அவர் பெயரில் இடம் தயார். அங்கே அவர் கிளையை ஒடிக்கலாம், ஒட்டலாம். மற்றவர் கை வைக்க முடியாது. அந்த வரியை இதுவரை நான் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

கோபம் வேறு இடத்தில். விதியில் நாம் எழுதும் கிளைப் பெயரை அது ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே, அதாவது பொருந்தும் பெயர்களைத் தேடும் வடிவமாகவே படிக்கிறது. முன்பக்கம் பூட்டு உண்டு, பின்பக்கம் இல்லை. 'ஆம்பூர்' என்று எழுதினால் ஆம்பூர் என்று தொடங்கும் அத்தனை கிளைகளும் திறந்துகொள்ளும். பெயர் அத்துடன் முடிகிறது என்று காட்ட, இறுதியில் டாலர் குறி போட வேண்டும். கையேட்டில் இது இருக்கிறது; நான் படித்தும் இருக்கிறேன். ஆனால் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு 'ஆம்பூர்' கிளையில் வரலாற்றையே மாற்றி எழுதும் 'ஆர்டபிள்யூ பிளஸ்' உரிமையைக் கொடுத்த அன்று, அந்தக் குறி விட்டுப்போனது.

8 மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆம்பூர் வாடிக்கையாளருக்காக 'ஆம்பூர்-வெளியீடு' என்ற கிளையைத் தொடங்கினோம். மே மாத வெயிலில், மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு மதியம், பயிற்சியில் இருந்த தம்பி கிளை மாறி ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மீறி மேலெழுதுவது) செய்துவிட்டார். 4 நாள் வேலை சர்வரில் இல்லை. அந்தப் பிள்ளை முகம் வெளுத்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. தவறு அவருடையது அல்ல.

மீட்டுக் கொடுத்ததும் கிட்டோலைட்தான். ஒவ்வொரு புஷ்ஷிலும் கிளையின் பழைய கமிட் எண்ணையும் புதிய எண்ணையும் அது பதிவேட்டில் குறித்து வைக்கிறது. பழைய எண்ணைத் தேடி எடுத்து, கிளையை அங்கே திருப்பி வைக்க 10 நிமிடம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆனாலும் ஒரு பெயரை எழுதினால் ஒரு கிளைதான் திறக்க வேண்டும்; கூடுதலாக வேண்டுபவர்தான் கூடுதலாக எழுத வேண்டும். அன்றிரவு 34 விதிகளையும் வரிவரியாகப் பார்த்தேன். இன்னும் 7 இடங்களில் பின்கதவு திறந்திருந்தது.

இன்னொன்று: கிளைவாரியாகப் படிக்கத் தடை போட முடியாது. அது கிட்டின் அமைப்பே அப்படி. ஆலைகளின் விலைப்பட்டியல் இருந்தால் தனிக் களஞ்சியத்தில் வையுங்கள் தம்பி.

எங்கள் சர்வரில் கிட்டோலைட் தொடரும். உங்களுக்கு என் பதில் இன்றும் வேண்டாம் என்பதுதான். மீறிப் போடுவதென்றால், விதிக் கோப்பை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்; பார்த்துத் தருகிறேன்.