பெய்ஜிங் அரண்மனையா, ஷென்யாங் அரண்மனையா?

சீனாவுக்கு முதல் முறை போகிறவர் பெய்ஜிங் அரண்மனையையே பார்க்கட்டும். 1420-இல் கட்டி முடித்தது, 72 ஹெக்டேர், சுற்றிலும் 52 மீட்டர் அகல அகழி. தெற்கு வாசலிலிருந்து வடக்கு வாசல் வரை ஒரே நேர்கோடு; முக்கிய மண்டபங்கள் எல்லாம் அதன் மேல்தான். முன்பாதி அரசவை, பின்பாதி குடும்பம். சிம்மாசன மண்டபம் மூன்றடுக்கு வெண்பளிங்கு மேடையில் ஓங்கி நிற்கும். வீட்டுப் பகுதி அதைவிடத் தாழ்வு. மண்டபத்தின் முன் முற்றத்தில் மரமே கிடையாது, கோடையில் போனால் வறுபட வேண்டியதுதான்.

சரி, வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங்? சுமார் 6 ஹெக்டேர்தான். பின்னாளில் சீனா முழுவதையும் ஆண்ட மஞ்சு இனத்தார் 1625-இல் கட்டத் தொடங்கியது. ஆனால் அமைப்பில் சுவாரஸ்யம் இங்கேதான் அதிகம் என்பேன். கிழக்குப் பகுதியில் ஓர் எண்கோண மண்டபம். அதன் முன் இருபுறமும் ஐந்தைந்தாகப் பத்து சிறு மண்டபங்கள். மஞ்சுப் படையின் எட்டுப் பிரிவுகளுக்கு (தனித்தனிக் கொடி கொண்ட 'எட்டுக் கொடிப் படைகள்') எட்டு, இடது வலது அணித் தலைவர்களுக்கு இரண்டு. படைத்தலைவர்களோடு கூடிப் பேசி ஆண்ட காலம் கட்டடமாகவே நிற்கிறது. நடுப்பகுதியில் பெய்ஜிங் கணக்கு தலைகீழ்: அரசவை கீழே, குடும்பம் உயரமான மேடையில். மேட்டில் வீடு கட்டுவது மஞ்சுப் பழக்கம், காவலுக்கும் வசதி. அறைகளுக்குள் அடியில் சூடேற்றும் செங்கல் திண்ணைகள், படுக்கவும் உட்காரவும். அந்த ஊர்க் குளிருக்கு அது இல்லாமல் முடியாது.