லொறிக்கு ஃபிட்னஸ் எடுக்கும் சேவை: வண்டியைப் பார்க்காத கராஜுக்குக் காசு கொடுக்காதீர்கள்

லொறிக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால் காப்புறுதி, புகைச் சான்றிதழ் இரண்டோடு ஃபிட்னஸ் எனப்படும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். கொழும்பில் இந்தச் சேவை இரண்டு விதமாகக் கிடைக்கிறது. வண்டியை உள்ளே எடுத்துச் சோதித்துத் தரும் கராஜ் ஒன்று. பதிவுப் புத்தகக் கொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு பின்னேரமே தாளை நீட்டும் ஆட்கள் மற்றது. பின்னதற்கு எங்கள் மதிப்பெண் பூச்சியம்.

நல்ல கராஜ் முதலில் வண்டியின் அடிச்சட்டமான செசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அதில் பொறித்த இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடும். இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ற்றோ இருந்தால் இலக்கத்தை மாற்றியிருக்கலாம்; சோதனையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

அடுத்தது பிரேக். சில்லுகளை உருளைகள்மேல் சுழலவிட்டு பிரேக்கின் பிடியை அளக்கும் ரோலர் மெஷின் இல்லாத கராஜுக்குப் போகவே வேண்டாம். முற்றத்தில் மெதுவாக ஓட்டி மிதித்தால் எந்த லொறியும் நிற்கும். வலது சில்லும் இடது சில்லும் எவ்வளவு பிடிக்கின்றன என்பது ரோலரில்தான் தெரியும். வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டினால் அவசரமாக மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெரும்பாலும் காரணம் சில்லு சிலிண்டர் ஒழுகுவது, அல்லது சில்லின் நடுவில் கிறீஸை அடைத்து வைக்கும் ஹப் சீல் போய் பிரேக் லைனரில் கிறீஸ் படிவது.

முன்சில்லை ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் கோளாறு சில்லுப் பெயரிங்கில். அப்படியே இருந்தால், முன்சில்லு திரும்பும் அச்சாணியான கிங்பின்னில். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாதவர் கையொப்பமிடத் தகுதியற்றவர்.

நல்ல கராஜ்களிலும் குறை உண்டு. பிரேக் ஒயிலைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. டொட் 3 என்ற தரத்து பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து மரக்கறியோடு பேலியகொடை மெனிங் சந்தைக்கு வரும் லொறி, றம்பொடை வளைவுகளிலும் கடுகண்ணாவை இறக்கத்திலும் பிரேக்கை மிதித்தபடியே வரும். சூட்டில் ஒயில் கொதித்தால் பெடல் வெறுமனே அடிவரை போய்விடும். அந்த லொறிக்கு முன்னால் ஒரு பாடசாலை வான் போகலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு குறை டயர் சோதனையில். சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயர் மாட்டி வருவதைத் தடுக்க, கராஜ் ஒவ்வொரு டயரின் தொடரிலக்கத்தையும் பக்கவாட்டில் உள்ள நாலிலக்கத் திகதியையும் குறித்து வைக்க வேண்டும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது.

காசு கட்டும்போது ரோலரின் அச்சுத்தாளையும், இலக்கத்தகடு தெரிய ரோலர்மேல் வண்டி நிற்கும் படத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள். பழைய லொறி வாங்குவோர், இவை இல்லாத சான்றிதழை நம்பி முற்பணம் கொடுக்காமல், தாங்களே ஒருமுறை ரோலரில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.