ஐஸ் பையா, ஜெல் பேடா?

நின்றுபோன இதயம் மறுபடி துடித்தும் நினைவு திரும்பாத நோயாளிக்கு, மூளையைக் காக்க உடம்பின் சூட்டை இறக்கப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஐசியூவில் அதற்கு எங்கள் கைக்கு முதலில் வருவது ஐஸ்தான். துணி சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைப்போம். வெளியே காத்திருக்கும், டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த பாட்டி, "சளி பிடிச்சுக்காதா?" என்பார். கேட்டதில் தப்பில்லை, குளிர வைத்தால் நிமோனியா வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது.

ஐஸை இளப்பமாக நினைக்காதீர்கள். 2002இல் மெல்போர்னில் பெர்னார்ட் குழு (1967இல் கேப் டவுனில் இதயம் மாற்றிய பர்னார்ட் வேறு) 77 பேரை வைத்துச் செய்த ஆய்வில் குளிர வைத்தது ஐஸ் பைகளால்தான். மணிக்கு 0.9 டிகிரி செல்சியஸ் இறங்கியது. அதே ஆண்டு வெளியான ஐரோப்பிய ஆய்வில் குளிர்காற்று மெத்தை. இலக்கைத் தொடவே ஏறக்குறைய 8 மணி நேரம். 70 சதவீதம் பேருக்குக் கடைசியில் ஐஸும் வைக்க வேண்டியதாயிற்று.

ஐஸின் குறை, அதற்கு பிரேக் கிடையாது. 33 டிகிரியில் நிறுத்த நினைத்தால் 32க்குக் கீழே நழுவும், எடுத்துவிட்டால் ஏறும். உருகுவதை மாற்ற ஒரு நர்ஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஈரத்துணியும் மின்விசிறியும் இன்னும் மலிவு. ஆனால் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஏசி நின்ற வார்டில் துணி காயாது. காயாத துணி சூட்டை எடுக்காது.

தண்ணீர் ஓடும் போர்வை உடம்போடு சரியாக ஒட்டாது. உள்ளே தண்ணீர் ஓடும் ஜெல் பேடு தோலோடு ஒட்டும். நோயாளியின் உள்வெப்பத்தைப் பார்த்து இயந்திரமே தண்ணீரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும். திரும்பச் சூடேற்றும்போது மணிக்கு கால் டிகிரி என்று பிசகாமல் ஏற்ற இதுதான் வசதி. பேடு ஒருவருக்கு ஒட்டினால் அவரோடு சரி. விலைதான் அரசு மருத்துவமனைக்கு இடிக்கும்.

எதைப் போட்டாலும் நடுக்கம் வரும். அதை மருந்தால் அடக்காவிட்டால், நாம் இறக்கும் சூட்டை உடம்பே திரும்ப ஏற்றிவிடும்.

2013இல் வந்த ஆய்வில் 33 டிகிரிக்கு இறக்கியதும் 36 டிகிரியில் வைத்ததும் ஒன்றேபோல முடிந்தன. 2021இல் சுமார் 1,900 பேரிடம் செய்த ஆய்வில், 33க்கு இறக்கியதில் காய்ச்சலைத் தடுப்பதைவிட ஆதாயம் தெரியவில்லை. இப்போது 37.5ஐத் தாண்டவிடாமல் பிடித்து வைப்பதே வேலை என்றால், வேகத்தில் ஐஸுக்கு இருந்த பெருமை பாதி போயிற்று. பணம் இருந்தால் ஜெல் பேடு வாங்குங்கள். இல்லையென்றால் பாராசிட்டமால், ஈரத்துணி, ஐஸ் போதும். இருக்கும் காசை உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ வைக்கும் வெப்பமானிக்குப் போடுங்கள். அக்குளில் ஐஸை வைத்துவிட்டு அங்கேயே தெர்மாமீட்டரையும் செருகியதை நான் பார்த்திருக்கிறேன்.