கார்லோஸ் கிளைபரின் 12 சிடிகள்: 18 வருடம் கேட்ட பிறகு

2006இல் ஒரு சிடி வாங்கினேன். பீத்தோவனின் 5ஆம், 7ஆம் சிம்ஃபொனிகள். வாசிப்பது வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, நடத்துவது கார்லோஸ் கிளைபர். டாய்ச்ச கிராமபோன் நிறுவனம் தன் பழைய பதிவுகளைத் துலக்கி 'ஒரிஜினல்ஸ்' என்ற வரிசையில் போட்டிருந்த தட்டு. அதுவரை எனக்கு மேற்கத்திய செவ்வியல் இசையில் நடத்துநர் யார் என்பது ஒரு பொருட்டே இல்லை. யார் கையை அசைத்தாலும் பீத்தோவன் பீத்தோவன்தானே என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு தட்டோடு அந்த நினைப்பு போய்விட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். 2010இல் வந்த 12 சிடி பெட்டியில் மீதியும் கைக்கு வந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்றாவது வீட்டில் ஓடாமல் இருந்ததில்லை. புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு உதவட்டும் என்று, இத்தனை வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

12 சிடி என்றதும் தேர்ந்தெடுத்த தொகுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நிறுவனத்துக்காக அவர் ஸ்டூடியோவில் செய்தது மொத்தமே அவ்வளவுதான். 1973இல் தொடங்கி, 1982இல் வந்த கடைசிப் பெட்டியோடு முடிந்த கணக்கு: ஐந்து சிம்ஃபொனி, நான்கு ஓபரா. இதற்கு வெளியே 1976இல் பியானோ மேதை ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரோடு இஎம்ஐ நிறுவனத்துக்குச் செய்த த்வோர்ஷாக் பியானோ கான்செர்ட்டோ (பியானோவை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிப்பது) ஒன்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். ஹெர்பெர்ட் ஃபான் கராயன் பீத்தோவனின் 9 சிம்ஃபொனிகளையும் முழுத் தொகுப்பாகவே நான்கு தடவை பதிவு செய்தவர். கிளைபர் ஸ்டூடியோவில் தொட்டது 5ஐயும் 7ஐயும் மட்டும்.

அவருடைய அப்பா எரிக் கிளைபர் பெரிய நடத்துநர். ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' ஓபராவை 1925இல் பெர்லினில் முதன்முதலாக அரங்கேற்றியவர். நாஜி ஆட்சியோடு ஒத்துப்போக மனமில்லாமல் 1934இல் பெர்லின் பதவியை உதறிவிட்டுப் போனவர். பெர்லினில் 1930இல் கார்ல் என்ற பெயரோடு பிறந்த மகன், தென் அமெரிக்காவில் வளர்ந்து கார்லோஸ் ஆனார். சூரிக்கில் வேதியியல் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு இசைக்குத் திரும்பினார். எரிக் 1953இல் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபோவ் குழுவோடு டெக்கா நிறுவனத்துக்குச் செய்த பீத்தோவன் 5ஆம் சிம்ஃபொனி இன்றும் கிடைக்கிறது. ஒரு நாள் அதையும் மகனுடையதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நடையில் அதே முறுக்கு, அதே நெருக்கடி. மகனிடம் கூடுதலாக இருப்பது ஒரு லேசுத்தன்மை. அந்த லேசு என் காதில் பட எனக்கு நான்கைந்து வருடம் பிடித்தது.

முதல் வருடம் முழுக்க நான் அந்த 5ஆம் சிம்ஃபொனியைச் சத்தமாக வைத்துத்தான் கேட்டேன். எல்லாரும் சொல்வது அதன் ஆவேசத்தைத்தான், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. பிறகு வீட்டில் குழந்தை பிறந்தது. ராத்திரியில் ஹெட்ஃபோன் போட்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்க வேண்டிய நிலை. அப்போதுதான் இந்தப் பதிவு உண்மையில் எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

மூன்றாவது மூவ்மென்ட் (சிம்ஃபொனியின் ஒரு பகுதி) முடியும் இடத்தைச் சொல்கிறேன். ஆர்கெஸ்ட்ரா முழுக்க அடங்கிப்போய், தந்தி வாத்தியங்கள் ஒரு நீண்ட ஒலியை மிக மெல்லப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அடியில் டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் தட்டுகிறது. முதலில் தாளக்கட்டோடு, பிறகு விடாத துடிப்பாக. மேலே முதல் வயலின்கள் தட்டுத் தடுமாறி எழும்புகின்றன. கிளைபர் இந்த இடத்தில் எதையும் தூக்கிக் காட்டுவதில்லை. டிம்பனி ஒலி பெருகுவதே தெரியாது. நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முதலில் தெரியும். அப்புறம் கதவு திறந்த மாதிரி சி மேஜர் சுரவரிசையில் கடைசி மூவ்மென்ட் வெடிக்கிறது. அதுவரை மூன்று மூவ்மென்ட்டும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்த டிராம்போன்கள் (பித்தளை ஊதுகுழல்கள்) முதன்முதலாக வாய் திறப்பது இங்கேதான். பீத்தோவன் இந்த இரண்டு மூவ்மென்ட்டுக்கும் நடுவில் இடைவெளியே வைக்கவில்லை.

இதனால்தான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருடம் முன்பு சிடியை ஓரங்கட்டிவிட்டு ஒரு ஸ்ட்ரீமிங் செயலிக்கு மாறினேன். இதே பதிவுதான். ஆனால் நான் சொன்ன அந்த நொடியில், ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அரை வினாடி மௌனம். முழு மூவ்மென்ட்டும் எதற்காகக் காத்திருந்ததோ அது அந்த அரை வினாடியில் செத்துப்போனது. அமைப்புகளில் தேடினால் 'இடைவெளியின்றி' என்ற தேர்வு இருந்தது, அதைப் போட்டும் என் ஸ்பீக்கரில் சரியாகவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு சிடிக்கே திரும்பிவிட்டேன். நீங்கள் எதில் கேட்டாலும் சரி, முதலில் இந்த ஒரு இடத்தைப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். இது சரியாக வந்தால் ஓபராக்களும் சரியாக வரும்.

7ஆம் சிம்ஃபொனிக்கு இரண்டு ஸ்பீக்கரும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். காரணம், கிளைபர் வயலின்களை உட்காரவைக்கும் விதம். இப்போது பெரும்பாலான குழுக்களில் முதல் வயலின், இரண்டாம் வயலின் இரண்டும் இடது பக்கத்திலேயே இருக்கும். கிளைபர் பழைய முறைப்படி முதல் வயலினை இடப்பக்கத்திலும் இரண்டாம் வயலினை வலப்பக்கத்திலும் எதிரெதிராக வைப்பார். கடைசி மூவ்மென்ட்டில் ஒரு பக்கம் வீசியதை மறுபக்கம் பிடித்துத் திருப்பி வீசுவது காதில் நேராக விழும். ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே அலமாரியில் ஒட்டி வைத்திருந்த காலத்தில் இது எனக்குக் கேட்கவே இல்லை. தள்ளி வைத்த அன்று சிம்ஃபொனியே புதிதாக இருந்தது.

இரண்டாவது மூவ்மென்ட்டின் முடிவும் அப்படித்தான். வழக்கமாக அந்தக் கடைசி அளவுகளில் (தாளக் கட்டங்களில்) வயலின்கள் மறுபடி வில்லை எடுத்து இழுப்பார்கள். கிளைபர் கடைசி வரை விரலால் மீட்டவே வைக்கிறார். நான்கைந்து சுரம்தான் வித்தியாசம். ஆனால் ஊர்வலம் தெருமுனை திரும்பி மறைந்த பிறகு மண்ணில் கடைசிக் காலடி விழுகிற மாதிரி இருக்கிறது. இதைப் பிடிக்காதவர்களும் உண்டு. ஸ்வரக்குறிப்பில் இருப்பதை மாற்றலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், எனக்கு இந்த முடிவு இல்லாமல் இப்போது அந்த மூவ்மென்ட் முடிந்ததாகவே தோன்றுவதில்லை.

பிராம்ஸ் 4ஆம் சிம்ஃபொனி (1980) பற்றி இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். வாசிப்பில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. கடைசி மூவ்மென்ட் 8 அளவு கொண்ட ஒரே கருவை 30 தடவை மாற்றி மாற்றி வாசிப்பது. பலர் கையில் அது துண்டு துண்டாக நிற்கும். இவர் கையில் ஒரே மூச்சு. நடுவில் வரும் தனிப் புல்லாங்குழலுக்கு அவர் கொடுக்கும் அவகாசத்தைக் கேட்கவே அந்தத் தட்டை எடுப்பேன். ஆனால் அது டிஜிட்டல் பதிவு வந்த புதிது. வயலின்களின் மேல்ஸ்தாயி கொஞ்சம் கடினமாக, வெயில் அடித்த தகரம் மாதிரி இருக்கிறது. வெளிச்சமான ஒலியுள்ள ஹெட்ஃபோனில் களைப்பாகிவிடும். இதமான ஸ்பீக்கரில் கேளுங்கள்.

ஷூபர்ட் தட்டில் 3ஆம் சிம்ஃபொனியின் இரண்டாவது மூவ்மென்ட்டை மட்டும் நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பறக்கிறது. நிதானமாக நடக்க வேண்டிய பெண்ணை ஓடவிட்ட மாதிரி. 'முற்றுப்பெறாத' 8ஆம் சிம்ஃபொனி அதற்கு ஈடுகட்டிவிடும்.

ஓபராக்களில் முதலில் எடுக்க வேண்டியது வெபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்'. 1973இல் டிரெஸ்டன் ஸ்டாட்ஸ்கபெல்லெ குழுவோடு செய்த இதுதான் அவருடைய முதல் ஸ்டூடியோ பதிவு. கொம்பு வாத்தியங்களின் நிறத்துக்காகவே கேட்கலாம். வசனங்களைப் பாடகர்களுக்குப் பதில் நடிகர்கள் பேசுவதால் குரல் மாறுவது மட்டும் ஆரம்பத்தில் உறுத்தும். யோஹான் ஸ்ட்ராஸின் 'டி ஃப்ளேடர்மௌஸ்' முழுக்க சந்தோஷம், ஒரே ஒரு முள்ளைத் தவிர. வழக்கமாகப் பெண் குரல் பாடும் இளவரசர் ஓர்லோஃப்ஸ்கி வேடத்தை இவான் ரெப்ராஃப் என்ற ஆண் பாடகர் கள்ளக்குரலில் பாடுகிறார். 18 வருடத்தில் அது எனக்குப் பழகவில்லை. அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன். வெர்டியின் 'லா ட்ராவியாட்டா'வில் இலியானா கொத்ருபாஸின் குரலில் இருக்கும் நோயாளியின் நடுக்கமும், அதைத் தாங்கிப் பிடிக்கிற ஆர்கெஸ்ட்ராவின் பொறுமையும் கேட்கக் கேட்க ஆழமாகிக்கொண்டே போகின்றன.

கடைசியில் வாக்னரின் 'டிரிஸ்டான் உண்ட் ஈசோல்டே'. டிரெஸ்டனில் லூக்காஸ்கிர்ஹே தேவாலயத்தில் 1980இல் தொடங்கிய பதிவு. முடியும் முன்பே கிளைபர் வெளியேறிவிட்டார். எடுத்து வைத்திருந்ததைக் கோத்துத்தான் நிறுவனம் 1982இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு அவர் ஸ்டூடியோ பக்கமே வரவில்லை. ஈசோல்டேயாகப் பாடிய மார்கரெட் பிரைஸ் அந்த வேடத்தை மேடையில் ஏற்றதே இல்லை. மேடைக்கு வேண்டிய அளவு பெரிய குரல் அல்ல அது. மைக் முன்னால் பாடியதால் சாத்தியமான ஈசோல்டே. ஆர்கெஸ்ட்ராவும் அவர் குரலை மூழ்கடிக்காமல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வருடத்துக்கு ஒரு தடவை, விடுமுறை நாளில், ஒவ்வொரு அங்கத்துக்கும் இடையில் சாப்பிட்டு நடந்துவிட்டு வந்து கேட்பது என் வழக்கம். பழைய பெட்டி வாங்குவதாக இருந்தால் உள்ளே பாடல் வரிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான் முதலில் வாங்கியதில் இல்லை, விற்றவர் சொல்லவும் இல்லை.

ஏன் இவ்வளவு குறைவு என்று எல்லாரும் கேட்பார்கள். முதல் காரணம் ஒத்திகை. மற்றவர்கள் கேட்பதைவிடப் பல மடங்கு அவகாசம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் கிளம்பிவிடுவார். பியானோ கலைஞர் மிக்கெலாஞ்சலியோடு 1975இல் தொடங்கிய பீத்தோவன் 5ஆம் பியானோ கான்செர்ட்டோ அப்படித்தான் பாதியில் நின்றது. 1982இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் ஒத்திகையிலிருந்தே வெளியேறியிருக்கிறார். கராயனுக்குப் பிறகு பெர்லின் ஃபில்ஹார்மோனிக் தலைமை தேடி வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். இதையெல்லாம் கிறுக்கு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவுகளோடு இத்தனை காலம் இருந்த எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு பதிவில் ஒரு சுரம் தவறான கனத்தில் விழுந்தால், அது என்றென்றைக்கும் அப்படியே விழுந்துகொண்டிருக்கும். அதைத் தாங்க முடியாத மனிதர் அவர். 2011இல் பிபிசி மியூசிக் இதழ் 100 நடத்துநர்களிடம் கேட்டபோது, அவர்கள் எல்லாக் காலத்துக்கும் முதலாவதாகத் தேர்ந்தது இவரைத்தான்.

ஸ்டூடியோவை விட்ட பிறகு கிடைப்பதெல்லாம் மேடைப் பதிவுகள். 1983இல் ஆம்ஸ்டர்டாமில் எடுத்த பீத்தோவன் 4, 7 வீடியோவைக் கட்டாயம் பாருங்கள். பல இடங்களில் தாளம் போடுவதையே நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு புன்னகையோடு நிற்பார், வாசிப்பு தானாக ஓடும். வியன்னா புத்தாண்டுக் கச்சேரிகளில் 1989, 1992 இரண்டும் அவருடையவை. அதில் 1989 என் தேர்வு. முனிச்சில் 1982 மே மாதம் நடந்த பீத்தோவன் 4ஐ ஓர்ஃபியோ நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. கடைசி மூவ்மென்ட்டில் பாசூன் என்ற கனத்த குரல் ஊதுகுழலின் ஓட்டத்தை நம்பவே முடியாது.

அதே ஓர்ஃபியோவில் ஒன்று எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கமாகிவிட்டது. பீத்தோவனின் 6ஆம் சிம்ஃபொனி, 1983, முனிச். அவர் அதை நடத்தியது அந்த ஒரே தடவைதான். அரங்கத்தில் வைத்திருந்த மூல டேப் கெட்டுப்போய்விட்டதால், மகனுக்காக எடுத்து வைத்திருந்த ஒரு கேசட்டிலிருந்துதான் சிடி செய்தார்கள். ஒலி சுமார்தான். இரைச்சல் உண்டு, அடிஸ்தாயி மெலிவு. வேகமும் வழக்கத்துக்கு மாறானது, இதமான கிராமத்து நடையை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். புயல் அடங்கி மேய்ப்பர்களின் நன்றிப் பாட்டு வரும் இடத்தில் அந்த இரைச்சலே என் காதிலிருந்து போய்விடுகிறது. முடிந்ததும் தட்டை உடனே நிறுத்திவிடாதீர்கள். கைதட்டல் வரவில்லையே என்று தோன்றும். பிறகு ஒருவர், அப்புறம் இன்னொருவர், தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறார்கள்.