காங்கேயம் பக்கத்து நாட்டுக்கோழிப் பண்ணை: ஒரு மாதக் குஞ்சு வாங்கலாமா?

வாங்கலாம். விலை சந்தையைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் குஞ்சு வளர்ந்த இடத்தைப் பார்த்தால் கொடுக்கிற காசு உறுத்தாது.

பல இடங்களில் குஞ்சைக் கம்பிவலை மேலேயே வளர்த்து, எச்சம் காலில் படாமல் பளிச்சென்று கொடுக்கிறார்கள். பார்க்க அழகு, நம் காட்டில் இறக்கிவிட்டால் ரத்தக்கழிச்சலில் சுருண்டுவிடும். இங்கே தேங்காய் நார்க்கழிவு பரப்பிய தரையில்தான் ஓடுகின்றன. அந்தக் கூளத்தில் ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் எப்படியும் இருக்கும்; சின்ன வயசிலேயே அளவாக வயிற்றுக்குள் போய்ப் போய் அந்தக் கிருமிக்கு உடம்பு பழகிக்கொள்கிறது. கூளம் நனைந்துவிட்டால் கதையே வேறு, ஈரமும் சூடும் சேர்ந்து ஓரிரு நாளிலேயே அந்த முட்டைகள் நோய் தரும் பக்குவத்துக்கு வந்து, பழக்க வேண்டியதே கொன்றுவிடும். பண்ணைக்கார அக்கா ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து விரலை விரித்தார், பொலபொலவென்று உதிர்ந்தது. "உருண்டையா நின்னா அன்னைக்கே கிளறி சுண்ணாம்பு போட்டுருவேனுங்க" என்றார்.

தடுப்பூசி நோட்டையும் கேட்காமலே எடுத்துக் காட்டினார்கள். 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு, 14ஆம் நாள் கம்போரோ என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி, 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. கம்போரோ தடுப்பூசியை ஏன் முதல் நாளே போடுவதில்லை என்று கேட்டால், தாய்க்கோழி மஞ்சள் கரு வழியாகக் கொடுத்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசிக் கிருமியையே அது அடித்துப்போட்டுவிடும் என்று சரியாகப் பதில் வருகிறது. இது முக்கியமான விஷயம். கம்போரோ தாக்குவது ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சின்னப் பையை, எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் பக்குவப்படுவதே அங்கேதான். அது கெட்டால் அப்புறம் லசோட்டா போட்டும் சரியாகப் பிடிக்காது.

இனி குறைகள். சந்தையிலிருந்து வாங்கி வரும் பெரிய கோழிகளைக் குஞ்சுக் கொட்டகைக்கு அடுத்த கூண்டிலேயே அடைக்கிறார்கள். எந்த ஊர்க் கிருமி எதில் வருகிறதோ, இத்தனை விவரம் தெரிந்தவர்கள் இதைச் செய்யலாமா? இன்னொன்று, சித்திரை வெயிலில் மதியம் ஓட்டை இல்லாத அட்டைப்பெட்டியில் நெருக்கி அடைத்துத் தந்தார்கள். வீடு சேர்ந்த குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. வெப்பத் தவிப்பு நீண்டால் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும் என்பது இவர்களுக்குத் தெரியாததா என்ன. கல்லாவில் 'இம்யூனிட்டி டானிக்' என்று ஒரு பாட்டிலை வேறு தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாமுங்க என்று சொல்லிவிடுங்கள்.

5க்கு 3.5 போடுவேன். போகிறவர்கள் காலையில் வெயில் ஏறுவதற்குள் போங்கள், காற்றோட்டமான பிளாஸ்டிக் கிரேட்டை நீங்களே கொண்டு போங்கள், ஐப்பசி அடைமழையில் மட்டும் வாங்காதீர்கள்.