வீவரா, முக்கோணமா, நெஞ்சணைப்பா? மலைச் சரிவில் கைத்துப்பாக்கி நிலைகள்

கைத்துப்பாக்கி பழகுகிறவர்கள் இரண்டு பேர் கூடினால் வாதம் கையில்தான் தொடங்கும்: முழங்கையை மடக்குவதா, நீட்டுவதா? இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களாவிலிருந்து ஸ்டோருக்கு இறங்கும் கல்படியில் நின்று யோசித்தால் அந்தக் கேள்வி காலுக்கு இறங்கிவிடும். சூட்டுத் திடலின் தரை மட்டமானது. இங்கே படி பாசி பிடித்துக் கிடக்கும், றோட்டோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே வீவர், முக்கோணம், நெஞ்சணைப்பு என்ற மூன்று சுடும் நிலைகளின் இந்த ஒப்பீட்டில் பாதங்களுக்கே முதல் மதிப்பெண்.

இது அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கும் கடமைத் துப்பாக்கி ஏந்துபவர்களுக்கும் மட்டும் உரிய பேச்சு. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பின் எல்லையைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் வகுக்கின்றன. உறையில் கை வைக்கிற ஒவ்வொருவரும் அவற்றை வாசித்திருக்க வேண்டும்.

வீவர் நிலை பிறந்ததும் ஒரு மலையூரில்தான். கலிபோர்னியாவின் பிக் பெயார் லேக், நுவரெலியாவை விடச் சற்று உயரமான இடம். 1950களின் இறுதியில் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெப் கூப்பர் அங்கே நடத்திய போட்டிகளில் மற்றவர்கள் இடுப்பிலிருந்து ஒற்றைக் கையால் அவசரமாகச் சுட, ஜாக் வீவர் என்ற ஷெரிப் அதிகாரி இரண்டு கையாலும் பிடித்து, கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறிபார்த்துச் சுட்டு வென்றார். வலக்கைக்காரருக்கு இடது பாதம் முன்னே, உடம்பு ஏறத்தாழ 45 பாகை திரும்பியிருக்கும். இரண்டு முழங்கையும் மடங்கும், இடது முழங்கை தரையைப் பார்க்கும். வலக்கை முன்னே தள்ள, இடக்கை பின்னே இழுக்கும். அந்த இழுபறிதான், சுட்டதும் துப்பாக்கி பின்னே தள்ளும் உதையை அடக்குகிறது. இடது முழங்கை பக்கவாட்டில் விரிந்தால் இழுப்பும் பக்கவாட்டில் போய்க் குறி விலகும். திடுக்கிடும் நேரத்தில் இழுபறியே மறந்துபோகிறது. மடங்கிய கை மட்டும் மிஞ்ச, முதல் ரவைக்கே குழல் மேலே எகிறும்.

இருசமபக்க முக்கோண நிலைக்குப் பெயர் கேத்திரகணிதத்திலிருந்து வந்தது. நெஞ்சு எதிராளிக்கு நேரே, இரண்டு கையும் சம நீளம். பாதங்கள் தோளகலம், வலது பாதம் அரைப்பாதம் பின்னே, முழங்கால் மடங்கி, தோள் இடுப்பைத் தாண்டி முன்னே. 1980களின் தொடக்கத்தில் ரொப் லீதம், பிரையன் ஈனோஸ் என்ற இரண்டு அமெரிக்கப் போட்டியாளர்கள் திடல்களில் இதைப் புதுப்பித்தபின் உலகமே இந்தப் பக்கம் சாய்ந்தது. பயந்த மனிதன் தன்னையறியாமல் ஆபத்துக்கு நேராகத் திரும்பிக் கையை நீட்டுகிறான். இந்த நிலை அதோடு ஒத்துப்போகிறது. குண்டுதுளைக்காத அங்கி அணிந்தவருக்கு இன்னொரு நன்மை: தகடு முன்னே பார்க்கும். வீவரில் திரும்பி நின்றால் அக்குள் திறப்பு வெளியே தெரியும். வலக்கைக்காரராக இருந்து இடக்கண் வலுவாக உள்ளவருக்கும் முக்கோணமே வசதி, துப்பாக்கியை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும்.

புதியவர்கள் இதில் செய்யும் பிழை, துப்பாக்கியின் பாரத்தைச் சமப்படுத்த வயிற்றைத் தள்ளித் தலையைப் பின்னே சாய்ப்பது. மூன்று ரவை போவதற்குள் குதிக்காலில் நிற்பார்கள். முழங்கையைப் பூட்டுவதும் அப்படியே, உதை நேரே தோளுக்குப் போய் உடம்பை ஆட்டும்.

இரண்டுக்கும் நடுவில், இன்னொரு அமெரிக்கப் போட்டியாளரான ரே சப்மனின் நிலை இருக்கிறது. வலக்கை நேராக, இடக்கை மட்டும் மடங்கும். நல்ல நிலைதான், ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைச் சொல்லிக் குழப்பத் தேவையில்லை.

கைக்கெட்டும் தூரத்தில் மேலே சொன்ன மூன்றும் தோற்றுவிடும். ஒரு மீற்றருக்குள் நிற்பவன் முன்னே துப்பாக்கியை நீட்டுவது அதை அவன் கையில் கொடுப்பதற்குச் சமம். இதற்குத்தான், துப்பாக்கியை நீட்டாமல் நெஞ்சோடு அணைத்துச் சுடும் நெஞ்சணைப்பு. உறையிலிருந்து எடுத்ததும் கட்டைவிரல் முட்டி நெஞ்சின் பக்கத்தைத் தொடவேண்டும். மணிக்கட்டு பூட்டியிருக்க, முழங்கை பின்னே போக, குழல் சற்றுத் தாழவேண்டும். இடக்கையை நெற்றிப்பொட்டோடு மடக்கி முழங்கையை முன்னே காட்டித் தலையைக் காத்துக்கொள்ளலாம். அந்தக் கை குழலுக்கு முன்னே நீளவே கூடாது. எதிராளியின் உடம்பில் குழலை அழுத்துவதும் பிழை. ஸ்லைட், அதாவது சுடும்போது முன்பின் ஓடும் மேற்பகுதி, சில மில்லிமீற்றர் பின்வாங்கினாலே பல பிஸ்டல்கள் வெடிக்காது.

மலைநாட்டில் ஒரு கூடுதல் தொல்லை, ஸ்வெட்டர். பின்னோடும் ஸ்லைட் கம்பளியில் சிக்கி, வெற்றுக்கோது வெளியேறாமல் நின்றுவிடும். அதனால் ஸ்லைட்டின் மேற்புறத்தை உடம்பிலிருந்து வெளிப்பக்கம் சாய்க்கவேண்டும். இதைச் செய்துபார்க்க ரவை வேண்டாம். மகசினைக் கழற்றி அறையையும் வெறுமையாக்கி, கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, குளிருக்குப் போடும் அதே உடுப்போடு நின்று ஸ்லைட்டைக் கையால் இழுத்தால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு: ஜக்கெட்டின் இழுகயிறு ட்ரிகர் வளையத்துக்குள் போனபடி துப்பாக்கியை உறையில் தள்ளினால் அது தானே வெடிக்கலாம். அந்தக் கயிற்றை வெட்டியெறிந்துவிடுங்கள்.

1983இல் சோல்ட் லேக் சிற்றி பொலிஸைச் சேர்ந்த டென்னிஸ் டூலர், கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியை, அதாவது 6.4 மீற்றரை, ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடப்பான் என்று எழுதினார். அது மட்டமான தரைக் கணக்கு. பாசிப் படியில் ஓடிவருபவனுக்கும் வழுக்கும். பின்னே பார்க்காமல் பின்வாங்குபவருக்கு அதைவிட மோசமாக வழுக்கும். இங்கே பக்கவாட்டில் விலகுவதே மேல்.

இனிச் சரிவு. மேட்டை நோக்கிச் சுடும்போது உதை உங்களைப் பள்ளத்துக்குத் தள்ளும். முக்கோணத்தின் அரைப்பாத இடைவெளி போதாது, வலது பாதத்தை ஒரு முழுப்பாதம் பின்னே ஊன்றவேண்டும். கால் வீவர்போல, கை முக்கோணம்போல என்ற இந்தக் கலப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளத்தை நோக்கினால் எதிர்மாறு. திடலில் சொல்லித்தந்த முன்சாய்வோடு நின்றால் ஈரமண் காலை வாரும். சாய்வைக் குறைத்து முழங்காலை இன்னும் மடக்குங்கள்.

சரிவுக்குக் குறுக்கே நின்றால் மேட்டுப்பக்கக் கால் மடங்கும், பள்ளத்துக் கால் நீளும். மேடு இடப்பக்கம் என்றால் வலக்கைக்காரர் வீவரில் சுகமாக நிற்கலாம். வலப்பக்கமானால் வீவர் முறுக்கிக்கொள்ளும், முக்கோணம் தாங்கும். கல்படியில் ஓர் அடி அகலம்கூட இருக்காது. முன்பின்னாகப் பாதம் வைக்க இடமில்லாததால், இரண்டு பாதத்தையும் ஒரே படியில் பக்கம் பக்கமாக வைத்தால் முக்கோணம், கீழ்ப்படியில் இடது பாதத்தை இறக்கினால் வீவர். படியே தீர்மானிக்கிறது.

வீவர் இன்னும் தோற்காத இடம் ஒன்று உண்டு, டோர்ச். மைக்கேல் ஹரிஸ் என்ற சூட்டாளரின் முறையில் டோர்ச் பிடித்த இடக்கை துப்பாக்கிக்குக் கீழாகப் போய் இரண்டு புறங்கையும் அழுந்தும். அதற்கு வீவரின் மடங்கிய கைதான் பொருந்தும். ஆனால் மூடுபனியில் கண்மட்டத்து வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி முகத்தில் அடிக்கும். அப்போது டோர்ச்சை உடம்பிலிருந்து விலக்கித் தாழப் பிடித்து, வலக்கையால் மட்டும் சுடப் பழகியிருக்கவேண்டும்: வலது பாதம் முன்னே, துப்பாக்கி சற்று உட்பக்கம் சாய்வு.

எங்கள் தேர்வு கேட்டால்: முக்கோணத்தை அடிப்படையாகவும் நெஞ்சணைப்பை அதன் குறுகிய வடிவமாகவும் பழகுங்கள். வீவரை டோர்ச்சுக்கும் மேடு இடப்பக்கம் இருக்கும் சரிவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 50 ரவை கிடைத்தால் பத்தை ஒற்றைக் கைக்கு ஒதுக்கலாம்.

எந்த நிலையானாலும் விரல் ட்ரிகருக்குப் போகுமுன் பின்னணியைப் பார்க்கவேண்டும். பள்ளத்தை நோக்கிய சூடு மண்ணில் புதையும் என்பார்கள். அந்தப் பள்ளத்தில் தொழிலாளர் வாழும் லயம் இருந்தால் 9 மில்லிமீற்றர் ரவை தகரத்தையும் பலகையையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். மேட்டை நோக்கித் தவறியது தேயிலைக்கு மேலே வானத்தில் ஏறி, ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால், அடுத்த தோட்டத்துக் கொழுந்து மலையில் விழலாம்.