நெடுந்தூர மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில் டியூப்லெஸ் டயர்: சில வருட அனுபவம்

டியூப்லெஸ்ஸுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. அதன்பின் ஓடிய நெடுந்தூரப் பந்தயங்கள் எல்லாமே 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல டயர், உள்ளே ஓட்டையை அடைக்கும் திரவமான லேட்டக்ஸ் சீலன்ட் என்ற ஒரே அமைப்பில்தான். புது டயர் வந்ததும் எல்லோரும் எடையையும் வேகத்தையும்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியம் வேறு. ஐந்தாறு மணி நேரம் மிதித்து, கால் தளர்ந்து, கல்லைப் பார்த்து ஒதுங்கும் கவனமும் போன பிறகு அந்த டயர் என்னைக் காப்பாற்றுகிறதா?

பெரும்பாலும் காப்பாற்றுகிறது. டியூப் உள்ள சக்கரத்தில் காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டைக் கீறல் விழும். அந்தப் பயத்திலேயே காற்றை இறுக்கி ஏற்றுவோம். டியூப்லெஸ்ஸில் நசுங்க டியூப் கிடையாது. என் எடை 70 கிலோவுக்குச் சற்று மேல். காற்றழுத்தம் முன்னால் 19, பின்னால் 21 பிஎஸ்ஐ வைக்கிறேன். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும்; மிதித்த பலம் அதிலேயே கரையும். காற்று குறைந்த டயர் கல்லுக்கு வளைந்துகொடுத்துக் கடந்துவிடும். 100 கி.மீ. தாண்டும்போது உள்ளங்கையும் முதுகும் இதைச் சொல்லும். இதைவிடவும் குறைத்தால், வேகமான வளைவில் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு விலகிப் புஸ்ஸென்று காற்று போகும். ஆகவே உங்கள் எடைக்கும் பாதைக்கும் ஏற்ற அளவை, ஒரு பிஎஸ்ஐ ஒரு பிஎஸ்ஐயாக மாற்றிப் பயிற்சியிலேயே கண்டுபிடியுங்கள்.

உயரமும் கணக்கில் வரும். கடல் மட்டத்தில் 20 பிஎஸ்ஐ ஏற்றிய டயரை 3,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால், வெப்பநிலை மாறாதவரை அழுத்தம் காட்டும் கேஜ் 24-ஐத் தாண்டிக் காட்டும். வெளியே காற்றழுத்தம் குறைந்ததுதான் காரணம். அமெரிக்காவின் லெட்வில் டிரெயில் 100 மாதிரி, தொடக்கக் கோடே 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் பந்தயங்களுக்குப் போகிறவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தபின் அளந்துகொள்வது நல்லது.

முள் குத்துவதைப் பற்றி நான் கவலைப்படுவதையே விட்டுவிட்டேன். ஓட்டை விழுந்ததும் காற்று சீலன்டை வெளியே தள்ளும், அதிலுள்ள நுண்துகள்கள் ஓட்டையில் சிக்கும், லேட்டக்ஸ் உறைந்து அடைத்துவிடும். பந்தயம் முடிந்து வண்டியைக் கழுவும்போதுதான் டயரில் ஈரப்பொட்டைப் பார்த்து, இங்கே ஏதோ குத்தியிருக்கிறது என்று தெரியவரும்.

பக்கவாட்டில் கிழிந்தால் கதை வேறு. கூரான பாறைகள் நிறைந்த ஓர் இறக்கத்தில், எடை குறைந்த பந்தய டயரின் பக்கவாட்டு நீளமாகக் கிழிந்தது. சீலன்ட் பீறிட்டுச் சட்டமெல்லாம் வெள்ளையானது. ஓட்டையில் சொருகும் ரப்பர் திரியான பிளக் இரண்டு சொருகியும் நிற்கவில்லை. கடைசியில் உள்ளே ஒரு டயர்த் துண்டை வைத்து, டியூபைப் போட்டு, மெதுவாக ஓட்டித்தான் முடித்தேன். அதுமுதல் பின்சக்கரத்துக்குத் தடித்த பக்கவாட்டுள்ள டயர்தான். ஏறத்தாழ 200 கிராம் கூடுதல். ஏற்றத்தில் அது கொஞ்சம் நேரத்தைத் தின்னலாம். வழியில் உட்கார்ந்து டயர் மாற்றினால் அதைவிட அதிகம் போகும். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் போல இரண்டு பேர் ஓர் அணியாக எட்டு நாள் ஓடும் பந்தயத்தில், உங்கள் டயர் கிழிந்தால் கூட்டாளியும் நின்றாக வேண்டும். அங்கே எடை பார்த்து டயர் வாங்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

டயருக்குள் வைக்கும் நுரை வளையத்தையும் ஒரு பருவம் போட்டுப் பார்த்தேன். ரிம்முக்கு நல்ல பாதுகாப்புதான். ஆனால் டியூப் போடும் நிலை வந்தால், சேற்றில் நின்றுகொண்டு அதை உருவியெடுப்பது பெரும்பாடு. கழற்றிவிட்டேன்.

பராமரிப்பு வேலை கூடுதல்தான், அதை மறைக்க வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் சீலன்ட் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். தளும்பும் சத்தம் இல்லையென்றால் நிரப்ப வேண்டும். வால்வும் அடைத்துக்கொள்ளும், வால்வுக்குள் திருகும் உட்பகுதியான வால்வு கோர் ஒன்று உதிரியாகப் பையில் இருக்கட்டும். கார்பன் டைஆக்சைடு சிலிண்டரால் காற்றடிக்கும்போது வால்வை மேல்பக்கம் வைத்து அடியுங்கள். குளிர்ந்த வாயு நேரே பட்டால் சில வகை சீலன்ட் உறைந்துபோகும். அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசியும் என்பதால், மறுநாளும் ஓட்டம் இருந்தால் இரவே அதை இறக்கிவிட்டுப் பம்பால் சாதாரணக் காற்றை ஏற்றுவேன். உதிரி டியூப் ஒன்றும் எப்போதும் என் பையில் உண்டு.

வருடத்தில் ஓரிரு முறை மட்டும், கல் அதிகமில்லாத பாதையில் ஓட்டுபவருக்கு இவ்வளவும் தேவையில்லை. வண்டி சும்மா நிற்கும்போதும் சீலன்ட் காய்ந்துகொண்டுதான் இருக்கும். அவர்களுக்கு நல்ல டியூபே போதும்.